ஆவணியில் முடிவாகும் தைப்பூசம்

மொரீஷியஸில் காவடிக்கு ரோஸ் நிறத் துணியும் பூசைச் சாமானும் விற்கும் கடைக்குத் தைப்பூசம்தான் பெரிய அறுவடை. அந்த அறுவடை எப்படி அமையும் என்பது தை மாதத்தில் முடிவாவதில்லை. ஐந்து மாதம் முன்பு, ஆவணியில், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாரத்தில் அது முடிவாகிவிடுகிறது. அந்த வாரத்தில் முடிவு எடுத்தவர் தைப்பூசத்தில் விற்பார். எடுக்காதவர், தானே போர்ட் லூயிஸ் மொத்தக் கடைகளில் ஜனவரி விலைக்கு வாங்கிக்கொண்டு நிற்பார்.

திட்டமிடல் என்றதும் பலருக்கும் ஓர் அட்டவணையும் "இந்த வருஷம் இருபது சதவீதம் கூட்டணும்" என்ற வரியும் நினைவுக்கு வரும். அது ஆசை. ஆசை இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் திட்டம் என்பது வேறு கேள்விக்குப் பதில்: எந்த முடிவை எந்தத் தேதிக்குமேல் மாற்ற முடியாது? அந்தத் தேதிகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வதுதான் வேலை. சென்னையில் கடை வைத்திருப்பவருக்கு இதன் அருமை அவ்வளவாகத் தெரியாது. பாரிமுனைக்கு ஒரு போன் போட்டால் மறுநாள் மூட்டை வந்து இறங்கும். தீவில் எல்லாம் கப்பலில் வர வேண்டும். திருவிழா கப்பலுக்காகக் காத்திருக்காது.

ஆகவே பின்னாலிருந்து எண்ண வேண்டும். 2027இல் தைப்பூசம் ஜனவரி 22, வெள்ளிக்கிழமை. கொடியேற்றமும் விரதமும் அதற்குப் பத்து நாள் முன்பு தொடங்கும். ஆனால் மக்கள் துணி எடுப்பது அதற்கும் முன்னால், டிசம்பர் போனஸ் கைக்கு வந்தவுடன். இங்கே ஆண்டிறுதி போனஸில் 75 சதவீதத்தை டிசம்பர் 25க்கு முழுதாக ஐந்து வேலை நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். மீதி, ஆண்டின் கடைசி வேலை நாளுக்குள். பணம் புழங்கும் அந்த இரண்டு வாரத்தில் துணி அலமாரியில் இல்லையென்றால், அந்தப் பணம் டிவிக்கும் செருப்புக்கும் போய்விடும். எனவே அலமாரியில் சரக்கு இருக்க வேண்டிய நாள் தைப்பூசம் அல்ல, டிசம்பர் 15.

அங்கிருந்து பின்னோக்கி வருவோம். தாமதத்துக்கென்று 12 நாள் ஒதுக்கினால், சரக்கு டிசம்பர் 3க்குள் கடைக்குள் வர வேண்டும். துறைமுகத்திலிருந்து எடுக்க 8 நாள்: நவம்பர் 25க்குக் கப்பல் போர்ட் லூயிஸில் இருக்க வேண்டும். கொழும்பு போன்ற இடத்தில் கப்பல் மாறி வர 32 நாள் என்று வைத்தால், சென்னையில் அக்டோபர் 24க்கு ஏற வேண்டும். கன்டெய்னரில் அடுக்கித் துறைமுகத்துக்குள் அனுப்ப 5 நாள்: அக்டோபர் 19. நெய்து, சாயம் போட்டு, மடித்துக் கட்ட 30 நாள்: செப்டம்பர் 19. சாயத் துண்டு (நிறம் காட்டும் மாதிரித் துணி) பார்த்து, விலை பேசி, முன்பணம் அனுப்ப 14 நாள்: செப்டம்பர் 5. எவ்வளவு வாங்குவது என்று பழைய கணக்கைப் புரட்டி முடிவெடுக்க ஒரு வாரம்: ஆகஸ்ட் 29. அலமாரி நாளிலிருந்து 108 நாள், திருவிழாவிலிருந்து 146 நாள். நாட்கள் கடைக்குக் கடை, கப்பலுக்குக் கப்பல் மாறும். எண்ணும் முறை மாறாது.

இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தால்தான் சில விஷயங்கள் கண்ணில் படும். 2026இல் தீபாவளி நவம்பர் 8. தீபாவளிக்கு முன்னும் பின்னும் தமிழ்நாட்டுத் தறியும் சாயப்பட்டறையும் எந்த வேகத்தில் ஓடும் என்பது தெரிந்ததே. ஆட்கள் ஊருக்குப் போனால் என்று திரும்புவார்கள் என்று முதலாளிக்கே தெரியாது. "அக்டோபர் கடைசியில் ஆர்டர் கொடுத்தால் போதும், இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே" என்று நினைப்பவர் அந்தச் சுவரில்தான் போய் முட்டுகிறார். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இடையே 75 நாள்தான்.

இன்னொன்று: இந்தச் சரக்கு சென்னையின் மழைக்காலத்தில் ஏறி, மொரீஷியஸின் புயல்காலத்தில் இறங்குகிறது. இரண்டு முனையிலும் வானம் பார்க்க வேண்டிய பயணம் இது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டது. அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி 25. ஒரே திருவிழாச் சரக்குக்கு இரண்டு கரையிலும் புயல்! இதை அபூர்வம் என்று ஒதுக்குவது தவறு. நவம்பர் முதல் மே வரை இங்கே புயல்காலம் என்று ஊருக்கே தெரியும். எந்த நாள் என்று தெரியாது, அவ்வளவுதான். அதற்காகத்தான் அந்த 12 நாள்.

அந்த 12 நாளை எங்கே வைப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டிரண்டு நாள் கூட்டிச் சொல்வது வழக்கம். சாயக்காரரிடம் முப்பது நாள் வேலைக்கு முப்பத்திரண்டு நாள் கொடுத்தால், முப்பத்திரண்டாம் நாள்தான் துணி வரும். இருக்கிற நாளெல்லாம் வேலையாக வீங்கிவிடும். அதனால் எந்தப் படியிலும் சலுகை காட்டாமல், மிச்ச நாட்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் கடைசியில், துறைமுகத்துக்கும் அலமாரிக்கும் நடுவே வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து ஒரு நாள் செலவானாலும் நோட்டில் எழுத வேண்டும். நவம்பர் 10க்குள் அதில் பாதி தீர்ந்துபோனால், அன்றே மாற்று வழியைத் தொடங்கிவிட வேண்டும்.

அந்த மாற்று வழியும் ஆவணியிலேயே எழுதி வைத்திருக்க வேண்டியது. "கப்பல் தாமதமானால் பார்த்துக்கொள்ளலாம்" என்பது திட்டம் ஆகாது. "நவம்பர் 10 அன்று சரக்கு கப்பல் மாறும் துறையைத் தாண்டவில்லை என்றால், துணியில் ஏழில் ஒரு பங்கை விமானத்தில் வரவழைப்பது, பித்தளையைத் தொடுவதில்லை" என்று எழுதினால் அது திட்டம். விமானச் சரக்குக்கு எடை அல்லது இடம், இரண்டில் எது அதிகமோ அதற்குக் காசு. ஒரு கன மீட்டரை 167 கிலோவாகக் கணக்கிடுவார்கள். அழுத்திக் கட்டிய துணிக்கு இது கட்டுப்படியாகலாம். காற்றடைத்த அலங்காரப் பொருளுக்கு ஆகாது. இந்தக் கணக்கை நிதானமாக இருக்கும்போது போட்டு வைக்க வேண்டும். பதற்றத்தில் போட்ட கணக்கு எப்போதும் "எப்படியாவது வரட்டும்" என்றே முடியும்.

சின்னக் கடை முழு கன்டெய்னரை நிரப்பாது. இருபது அடிக் கன்டெய்னரின் உள்ளளவு சுமார் 33 கன மீட்டர். அடுக்கும்போது 26 முதல் 28 வரைதான் கிடைக்கும். மூன்று நான்கு கடைகள் சேர்ந்து போடுவது அல்லது பங்குச் சரக்காக, அதாவது ஏஜென்ட் பலருடைய சரக்கோடு ஒரே பெட்டியில் சேர்த்து, அனுப்புவது வழக்கம். மலிவுதான். ஆனால் ஒரே பெட்டியில் வரும் இன்னொருவர் சரக்கில் சிக்கல் என்றால் உங்கள் துணியும் சேர்ந்து நிற்கும். அந்தச் சிக்கல் பெரும்பாலும் கற்பூரமாக இருக்கும். கற்பூரம் தீப்பிடிக்கும் திடப்பொருள். கப்பல் விதிகளில் 4.1ஆம் வகுப்பு அபாயச் சரக்கு, ஐ.நா. எண் 2717. தனியாக அறிவித்து, உரிய முறையில் பொதிந்து, கப்பல் கம்பெனி ஒப்புக்கொண்ட பிறகே ஏற்ற வேண்டும். "பூசைச் சாமான்" என்று பொதுவாக எழுதி ஊதுபத்திக்கு நடுவே செருகி அனுப்புகிறவர்கள் உண்டு. பிடிபட்டால் பெட்டி முழுவதும் நிற்கும், அபராதம் தனி. கற்பூரத்துக்குத் தனித் தேதிக் கோடு போடுங்கள். துணியோடு கலக்க வேண்டாம். தீப்பெட்டிக்கும் இதே வகுப்புதான். மயில்பீலியை இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யவே தடை இருக்கிறது, அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். விதை, காய்ந்த பூ, தர்ப்பை போன்ற தாவரப் பொருளென்றால் இங்கே இறக்குமதி அனுமதி, அங்கே தாவர நலச் சான்று என்று இரண்டு காகிதம். அனுமதி கையில் வந்த பிறகே ஏற்றச் சொல்ல வேண்டும்.

காகிதம் என்றதும் இன்னொரு வழக்கமான தொல்லை. சரக்கு வந்துவிடும், பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது; இதைக் காட்டித்தான் சரக்கை எடுக்க முடியும்) வந்திருக்காது. அசல் கூரியரில் எங்கோ இருக்கும்; அல்லது கடையின் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். கப்பல் கம்பெனி கொடுக்கும் இலவச நாட்கள் ஓடிக்கொண்டேயிருக்கும், பிறகு தினக் கட்டணம் ஏறும். கப்பல் புறப்பட்ட மூன்றாம் நாளே நகலை வாங்கி, பெயர், எடை, பெட்டி எண்ணிக்கை மூன்றையும் விலைப்பட்டியலோடு ஒத்துப்பார்த்து, கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலியில் பெரும்பங்கு போய்விடும்.

இனி அளவு. எத்தனை துணி வாங்குவது? போன வருஷம் விற்றதோடு பத்து சதவீதம் கூட்டுவது எல்லோரும் செய்வது. அதில் இரண்டு ஓட்டை. முதலாவது, போன வருஷம் 480 விற்றது என்றால் 480 பேர்தான் கேட்டார்கள் என்று அர்த்தமில்லை. கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே தீர்ந்துபோயிருந்தால், கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் கணக்கில் இல்லை. எனவே விற்ற எண்ணிக்கைக்குப் பக்கத்தில் தீர்ந்துபோன தேதியையும் எழுத வேண்டும். இதை எழுதும் கடைகள் மிகக் குறைவு.

இரண்டாவது, மிஞ்சினால் என்ன நஷ்டம், தீர்ந்தால் என்ன நஷ்டம் என்பது பொருளுக்குப் பொருள் வேறு. ஓர் எடுத்துக்காட்டு: துணி அடக்கவிலை 200 ரூபாய், விற்பனை 350, மிஞ்சினால் 140க்குத் தள்ளிவிடலாம். ஒன்று குறைந்தால் 150 ரூபாய் லாபம் போகும். ஒன்று மிஞ்சினால் 60 ரூபாய் போகும். 150ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 210ஆல் வகுத்தால் 0.71. அதாவது பத்தில் ஏழு ஆண்டாவது தட்டுப்பாடு வராத அளவு வாங்க வேண்டும். ஏழு ஆண்டு விற்பனையை, தீர்ந்துபோன ஆண்டுகளைத் திருத்திக்கொண்டு, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 410, 460, 480, 520, 560, 610, 700. ஏழில் 0.71 என்றால் ஐந்தாவது எண், 560. சராசரியான 534 அல்ல. இப்போது தமிழ் நாள்காட்டியைப் பாருங்கள். அடக்கம் 60, விற்பனை 100, மிஞ்சினால் பழைய பேப்பர். 40ஐ 100ஆல் வகுத்தால் 0.4. ஏழில் மூன்றாவது எண். அதாவது நாள்காட்டி தீர்ந்துபோவதுதான் நல்லது. துணி கொஞ்சம் மிஞ்சுவதுதான் நல்லது. குத்துவிளக்குக்கு இந்தக் கணக்கே வேண்டாம். மிஞ்சினால் அடுத்த ஆண்டும் அதே விலைக்குப் போகும். அங்கே முடங்கும் பணம் மட்டும்தான் கவலை. மூன்றையும் ஒரே பத்து சதவீதத்தால் பெருக்குவதைத்தான் பல கடைகள் "பிளான்" என்கின்றன.

மாதவாரியாக ஒப்பிடுவதும் ஏமாற்றும். 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1. பத்து நாள் விரதம் முதல் ஆண்டில் பிப்ரவரிக்குள் அடங்கியது, அடுத்த ஆண்டில் ஜனவரிக்குள் வந்துவிட்டது. 2026 ஜனவரி விற்பனை ஓகோ என்று உயர்ந்ததாகவும் பிப்ரவரி படுத்துவிட்டதாகவும் கணக்கு காட்டும். இரண்டும் பொய். நம் திருவிழாக் கடைகளுக்கு ஆங்கில மாதக் கணக்கு வரித்துறைக்கு. கொள்முதல் கணக்கைத் திருவிழாவிலிருந்து எத்தனையாவது நாள் என்று வைத்துக்கொள்வதே சரி. புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கும் தீபாவளிக்கும் இப்படியே.

ஊதுபத்தி மாதிரி வருஷம் முழுக்க ஓடும் சரக்குக்கு வேறு முறை. தினம் 12 பாக்கெட் போகிறது, ஆர்டர் கொடுத்து வந்துசேர 60 நாள் என்றால், வரும்வரை 720 தேவை. மோசமான காலத்தில் தினம் 15 போய், வர 80 நாளானால் 1,200. இருப்பு 1,200ஐத் தொடும் அன்றே மறு ஆர்டர். இதில் நடக்கும் ஒரே பெரிய தவறு, கடலில் மிதக்கும் சரக்கை இருப்பில் சேர்க்க மறப்பது. அலமாரி காலியாகத் தெரிய, பயந்துபோய் இரண்டாவது ஆர்டரும் கொடுத்துவிடுவார்கள். பிறகு இரண்டும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்.

பணத்துக்கு வருவோம். சரக்கு கையில் இருந்தும் கடை மூடுவது இங்கேதான். இந்திய வியாபாரி கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்து 8 லட்சம் மொரீஷியஸ் ரூபாய் விலை சொல்கிறார் என்று வைப்போம். செப்டம்பர் 19 அன்று 30 சதவீதம், 2,40,000. அக்டோபர் கடைசியில் பில் நகலைப் பார்த்ததும் மீதி 5,60,000. நவம்பர் கடைசியில் துறைமுகத்தில் வாட் 15 சதவீதம்; சுங்கத் தீர்வை இல்லாத சரக்கென்றே கொண்டாலும் 1,20,000. புரோக்கர், லாரி எல்லாம் ஒரு 50,000. ஆக டிசம்பர் 3க்குள் 9,70,000 வெளியே போயிருக்கும், ஒரு முழம் துணிகூட விற்றிருக்காது. அதே பதினைந்து நாளில்தான் கடையில் வேலை செய்பவர்களுக்கு நீங்களும் போனஸ் கொடுக்க வேண்டும். 20,000 ரூபாய்ச் சம்பளத்தில் மூன்று பேர் என்றால் முதல் தவணை 45,000. ஊர் போனஸ் உங்களுக்கு வரவு, உங்கள் ஆட்களின் போனஸ் உங்களுக்குச் செலவு, செலவு முந்திக்கொள்கிறது. மாதாமாதம் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்தவருக்கு இது ஒரு செய்தியே அல்ல.

பணம் தரைதட்டும் நாள் எது என்று ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டதால், வங்கியிடம் ஓவர்டிராஃப்ட் கேட்பதையும் ஆகஸ்டிலேயே கேட்க வேண்டும். டிசம்பரில் கேட்பவருக்கு வங்கி ஆயிரம் கேள்வி கேட்கும். கேள்விகளில் நியாயமும் இருக்கும். டாலரில் விலை பேசியிருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: 2020 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 36 மொரீஷியஸ் ரூபாய், 2023இல் சுமார் 45. முன்பணத்துக்கும் மீதிக்கும் இடையே இவ்வளவு ஏறாது. ஆனால் இரண்டு சதவீதம் ஏறினாலும் 5,60,000இல் 11,200 ரூபாய். விலையை நிர்ணயிக்கும்போது அதற்கும் ஓர் இடம் விட வேண்டும்.

வாட் பதிவுக்கான ஆண்டு விற்றுமுதல் வரம்பு 2025 அக்டோபர் முதல் 60 லட்சத்திலிருந்து 30 லட்சமாக இறங்கிவிட்டது. மாதம் இரண்டரை லட்சம் விற்றாலே எட்டிவிடும். பதிவு இல்லாத கடைக்குத் துறைமுகத்தில் கட்டிய வாட் திரும்பாது, அது அடக்கவிலையில் ஏற வேண்டும். பதிவு உள்ள கடைக்கு அது கழிக்கத் தக்கது, ஆனால் பணம் கொஞ்ச காலம் அரசாங்கத்திடம் இருக்கும். எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று தெரியாமல் விலைச்சீட்டு ஒட்டுகிறவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. கர்னேயில் (கடைக்கணக்குச் சிறு நோட்டு) கடன் எழுதி விற்கும் பழைய பழக்கம் உள்ள கடைகள், அந்த நோட்டைக் கடன் நோட்டாக மட்டும் பார்க்காமல் தகவல் நோட்டாகவும் பார்க்கலாம். எந்த வீடு எந்த வாரத்தில் எதை வாங்கியது, எத்தனை நாளில் திருப்பியது எல்லாம் அதில் இருக்கிறது. கம்ப்யூட்டர் போட்ட கடைகளிலேயே இவ்வளவு விவரம் கிடைப்பதில்லை.

வெளியிலிருந்து வரும் அடிகளுக்கு யாரும் தேதி குறிக்க முடியாது. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, 2024 செப்டம்பர் கடைசியில்தான் நீக்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் புழுங்கலரிசிக்கு 20 சதவீத வரியும் சேர்ந்தது. அரசுக்கு அரசு என்ற முறையில் மொரீஷியஸுக்கு 14,000 டன் அனுமதித்தார்கள். ஆனால் தனிக் கடைக்காரரின் ஆர்டர் வேறு கதை. 2020 ஊரடங்கில் ஏப்ரல் முதல் கடைக்கு வரும் நாளைக் குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி பிரித்தார்கள்: ஏ முதல் எஃப் வரை திங்களும் வியாழனும், ஜி முதல் என் வரை செவ்வாயும் வெள்ளியும், ஓ முதல் இசட் வரை புதனும் சனியும். பிள்ளை, ராமசாமி, சுப்பிரமணியன், வீராப்பன் எல்லாம் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ் வாடிக்கையாளர் அதிகமுள்ள கடைக்குப் புதனும் சனியும் எப்படி இருந்திருக்கும்! சராசரியை வைத்து ஆள் போட்டால் நான்கு நாள் சும்மா இருந்து இரண்டு நாள் மூச்சுத் திணற வேண்டியதுதான்.

திட்டத்தில் ஆள், இடம், அடுப்பு பற்றிய பகுதியை இங்கே விசேஷங்களில் வாழையிலையில் பரிமாறும் ஏழு கறிச் சமையலில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 400 இலைக்கு ஆளுக்கு இரண்டு வடை என்றால் 800. ஒரு வாணலியில் ஓர் ஈட்டுக்கு 20, ஈட்டுக்கு ஆறு நிமிஷம். மணிக்கு 200, மொத்தம் நான்கு மணி நேரம். பூசணி நறுக்க இன்னும் பத்துப் பேர் வந்தாலும் இந்த நான்கு மணி குறையாது. இன்னொரு வாணலியும் அடுப்பும் வந்தால் இரண்டு மணியாகும். கடையில் அந்த வாணலி எது? ரோஸ் ஹில் நகரத் துணிக்கடைகளில் பெரும்பாலும் வெட்டும் மேசை. டிசம்பர் கடைசி வாரத்தில் விற்பனைக்கு ஆள் கூட்டுகிறவர்கள், மேசை ஒன்றே என்பதை மறந்துவிடுகிறார்கள். வாழையிலைக்கும் காய்க்கும் உள்ளூர்த் தோட்டங்களை நம்பியிருப்பதால், பலத்த காற்று வந்து வாழை சாய்ந்தால் இலை விலை எங்கோ போகும். இலைக்கு மட்டும் வெவ்வேறு பகுதியில் இரண்டு தோட்டக்காரரிடம் சொல்லிவைப்பது வழக்கம். நல்ல வழக்கம்.

புயல் எச்சரிக்கைப் படிகளையும் கடைத் திட்டத்தில் கோத்துவிட வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வரக்கூடும் என்பதற்கு 36 முதல் 48 மணி நேரம் முன்பு முதல் எச்சரிக்கை வரும்: அன்றே கீழ்த்தட்டுத் துணியெல்லாம் மேலே. இரண்டாவது வந்தால் புரோக்கருக்குப் போன், லாரி நிறுத்தம், வெளிப்பலகை கழற்றல். மூன்றாவது வந்தால் பூட்டிவிட்டு வீட்டுக்கு. யார் எதைச் செய்வது என்று பெயர் போட்டு எழுதிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தால் போதும்.

காவடி முடிந்த மறுநாள் மாலை, களைப்பு தீருமுன் மூன்று வரி எழுத வேண்டும். எது எந்தத் தேதியில் தீர்ந்தது, எது எத்தனை மிஞ்சியது, ஒதுக்கிய 12 நாளில் எத்தனை நாள் எங்கே செலவானது. ரோஸ் நிறச் சாயத் துண்டில் வாடிக்கையாளர் ஏற்ற ஒன்றை அதே தாளில் பின் குத்திவைக்கவும். ஈரோட்டு ரோஸும் இங்கே காவடிக்கு உடுத்தும் ரோஸும் ஒன்றல்ல. போனில் அனுப்பும் படத்தை நம்பினால் கத்தரிப்பூ நிறத்தில் வந்து இறங்கும்.

அந்தத் தாளைப் பார்த்து அடுத்த ஆண்டுத் தேதிகளை அப்படியே போட்டுவிட முடியாது. 2028இல் தைப்பூசம் மறுபடி பிப்ரவரிக்குப் போகிறது. அலமாரி நாளை டிசம்பர் போனஸோடு கட்டினால் சரக்கும் பணமும் இன்னும் இரண்டரை வாரம் கூடுதலாக முடங்கும். திருவிழாவோடு கட்டினால் முடிவெடுக்கும் வாரம் ஆவணியைத் தாண்டிப் புரட்டாசிக்குள் நழுவும், ஆனால் போனஸ் பணம் கைநழுவும். துணியை முதல் கணக்கிலும் மற்றதை இரண்டாவதிலும் போட்டு, இரண்டு கப்பலாகப் பிரிப்பது ஒரு வழி. அப்போது பங்குச் சரக்குக் கூலி கூடும். எவ்வளவு கூடும் என்று ஏஜென்டிடம் இப்போதே கேட்டு வைக்கலாம்.